பட்டணத்துப் பெண் பின்மாறிவிட்டாளா?

எங்கள் பக்கத்துச் சபைகளில் ஜெபக் குறிப்பு வாசிக்கும்போது தவறாமல் ஒரு விண்ணப்பம் வருகிறது. "டவுனுக்கு வேலைக்குப் போன மகள் பின்மாறிவிட்டாள், அவளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்." நோயாளிகளும் கடன்பட்டவர்களும் இருக்கும் பட்டியலில் அந்த மகளும் சேர்ந்துவிடுகிறாள். கன்வென்ஷன் மேடைகளில் இதுவே பிரசங்கமாக விரிகிறது. அப்பா வீட்டில் இருந்தவரை பக்தியாக இருந்தாள், ஹாஸ்டல், சம்பளம், செல்போன் என்று ஆனதும் உலகத்தோடு போய்விட்டாள் என்று. படித்தவர்கள் சிலரும் இதையே வேறு விதமாகச் சொல்கிறார்கள்: படிப்பும் நகர வாழ்க்கையும் வந்துவிட்டால் மத நம்பிக்கை தானாக உதிர்ந்துவிடும், குறிப்பாகப் பெண்களிடம். முன்னவர்கள் வருந்திச் சொல்கிறார்கள், பின்னவர்கள் மகிழ்ந்து சொல்கிறார்கள். நகரம் கிறிஸ்தவப் பெண்ணின் விசுவாசத்தை அழிக்கிறது என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இது தவறு. வேதத்தை வைத்துப் பார்த்தாலும் தவறு, சபை வரலாற்றை வைத்துப் பார்த்தாலும் தவறு, இன்று ஏர்பேட்டைச் சுற்றி நடப்பதைப் பார்த்தாலும் தவறு.

ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவில், கூடூர் ரயில் பாதையில் இருக்கும் ஊர் ஏர்பேடு. திருமலைக்கும் காளஹஸ்திக்கும் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கடந்துபோன ஊர். 2015இல் திருப்பதிக்கு ஐஐடியும் ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனமும் வந்தன. பிறகு இரண்டும் ஏர்பேட்டிலேயே நிரந்தர வளாகம் அமைத்துக்கொண்டன. ஐஐடிகளில் 2018 முதல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன, ஆகவே நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பெண் பிள்ளைகள் இங்கே வந்து தங்கிப் படிக்கிறார்கள். தென்கிழக்கே தடா பக்கத்தில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம். அங்கே செல்போன் பூட்டும் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். திருப்பதி மருத்துவமனைகளில் நர்சுகள். இவர்களில் தமிழும் உண்டு, தெலுங்கும் உண்டு. 1911 வரை இந்தச் சித்தூர்ப் பகுதி வடஆற்காட்டில்தானே இருந்தது, இங்கே இரண்டு மொழியும் ஒரே வீட்டுக்குள் புழங்குவது புதிதல்ல. சபைகளும் பழையவை. ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் 1860களில் நாயுடுபேட்டைப் பக்கம் தொடங்கிய வேலை காளஹஸ்தி, திருப்பதி என்று பரவி, பிற்பாடு தென் ஆந்திர லுத்தரன் சபையாக வளர்ந்தது. அந்தச் சபைகளிலும், அண்மைக் காலத்தில் தெருவுக்குத் தெரு முளைத்த பெந்தெகொஸ்தே கூடங்களிலும் வளர்ந்த பெண்கள்தான் இன்று ஹாஸ்டலில் இருக்கிறார்கள்.

அவர்கள் மேல் வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு, ஞாயிறு ஆராதனைக்கு வருவதில்லை என்பது. ஷிஃப்ட் வேலையில் இருக்கும் நர்சுக்கு ஞாயிறு என்பது பணிப் பட்டியலில் இன்னொரு கட்டம். இரவுப் பணி முடிந்து காலை அறைக்கு வந்து விழுகிறவள் ஒன்பதரை மணி ஆராதனையில் எப்படி இருப்பாள்? ஆனால் அதே பெண் பஸ்ஸில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வேதாகம ஒலிப்பதிவைக் கேட்டபடி போகிறாள். இரவு பத்து மணிக்கு ஹாஸ்டல் அறையில் நான்கு பேர் உட்காருகிறார்கள். ஒருத்தி லுத்தரன், ஒருத்தி பெந்தெகொஸ்தே, ஒருத்தி கத்தோலிக்கப் பெண், ஒருத்தி எந்தச் சபையிலும் பெயர் இல்லாதவள். ஒருத்தி தமிழ் வேதாகமத்தில் வாசிக்க, இன்னொருத்தி அதே அதிகாரத்தைத் தெலுங்கில் வாசிக்கிறாள். பாஸ்டர் இல்லை, மைக் இல்லை, காணிக்கைப் பை இல்லை. அப்போதும் அங்கே வேதம் திறந்திருக்கிறது, பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலாகக் கிடப்பவளுக்காக ஜெபம் நடக்கிறது. இந்தக் கூடுகை எந்தச் சபைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பதிவேட்டில் இல்லாததால் அது நடக்கவில்லை என்று முடிவு கட்டுகிறோம்.

ஊரில் இருந்தபோது அவள் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாளே என்கிறார்கள். வந்தாள். வராமல் இருக்க அவளுக்கு வழி இருந்ததா? அப்பா முன்னே நடக்க, அம்மா பின்னே நடக்க, இடையில் அவள் நடந்தாள். அது விசுவாசமாகவும் இருந்திருக்கலாம், கீழ்ப்படிதல் மட்டுமாகவும் இருந்திருக்கலாம். அந்த வீட்டில் இருக்கும்வரை அவளுக்கே அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. யாரும் எழுப்பிவிடாத காலையில் தானாக எழுந்து முழங்கால் போடுகிற பெண்ணுக்குத்தான் தன் விசுவாசம் தன்னுடையது என்று முதன்முறையாகத் தெரிகிறது. அந்த அறிதலைக் கொடுத்தது நகரம். அதைப் பின்மாற்றம் என்று எழுதிவைப்பது பெரிய அநியாயம்.

வேதத்தையே எடுத்துக்கொள்வோம். புதிய ஏற்பாட்டின் சபைகள் எங்கே பிறந்தன? அந்தியோகியா, கொரிந்து, எபேசு, ரோமாபுரி. எல்லாம் பட்டணங்கள், துறைமுகங்கள், வணிகப் பாதைகள். பவுல் பிலிப்பியில் முதலில் பேசியது ஆற்றங்கரையில் கூடியிருந்த பெண்களிடம். அவர்களில் லீதியாள் தியத்தீராவிலிருந்து பிழைப்புக்காக அந்தப் பட்டணத்துக்கு வந்தவள், விலையுயர்ந்த சாயத்துணி விற்றவள். அவளுடைய தகப்பன் பெயரோ கணவன் பெயரோ வேதத்தில் இல்லை. அவள் வீட்டில்தான் சபை கூடியது. பிரிஸ்கில்லாள் ரோமாபுரியிலிருந்து வெளியேற்றப்பட்டு, கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்து, எபேசுவுக்குப் போய், அங்கே வேதாகமங்களில் வல்லவனான அப்பொல்லோவுக்கே உபதேசத்தைத் திருத்திச் சொன்னவள். பெபேயாள் கெங்கிரேயா என்ற துறைமுக ஊரின் சபை ஊழியக்காரி. மூன்று பேரும் வேலையோடும் பயணத்தோடும் பட்டணத்தில் வாழ்ந்தவர்கள். நகரம் பெண்ணின் விசுவாசத்தைக் கொல்லும் என்பது உண்மையானால் அப்போஸ்தலர் நடபடிகளில் பாதியை நாம் வாசிக்கவே கூடாது.

நம் மண்ணிலும் அப்படித்தான். பாளையங்கோட்டையில் பாப்பாத்தியம்மாள் கோவில் என்று இன்றும் அழைக்கப்படும் ஆலயத்தைக் கட்டிய குளோரிந்தா, தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை. ஓர் ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தவர் என்பதால் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778இல் கொடுத்தார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள், முதல் பெயர் அவருடையது. 1785இல் ஆலயம் எழுந்தது. சொந்த ஊரை விட்டு, சாதியின் வேலியை விட்டு, ஊர் வாயில் விழுந்து எழுந்த ஒரு பெண்ணிடமிருந்துதான் திருநெல்வேலித் திருச்சபை தன் கணக்கைத் தொடங்குகிறது. வடக்கே ஓங்கோலில் 1854ஆம் ஆண்டுப் புத்தாண்டு விடியலில் ஐந்து பேர் ஒரு குன்றின் மேல் ஏறி ஜெபித்தார்கள். தெலுங்கு பாப்டிஸ்ட் சபைகள் அந்தக் காலையை இன்றும் நினைவுகூர்கின்றன. மிஷனரி ஜூவெட், அவர் மனைவி, கிறிஸ்டியன் நர்சு என்ற ஆண், ஜூலியா, ரூத். ஐவரில் மூவர் பெண்கள். நெல்லூரிலிருந்து பயணப்பட்டு வந்த ஜூலியாவை அன்று யாராவது வீடு தங்காதவள் என்று ஜெபப் பட்டியலில் சேர்த்திருந்தால் அந்தக் குன்றுக்கு இன்று பெயர் இருந்திருக்காது.

இரண்டாவது குற்றச்சாட்டு, கேள்வி கேட்கிறாள் என்பது. ஐஐடியில் படிக்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்து, படைப்பு பற்றியும், பெண் ஏன் சபையில் பேசக் கூடாது என்பது பற்றியும், மற்ற மதத்துத் தோழிகளின் மீட்பு பற்றியும் கேட்கிறது. வீடு அதிர்கிறது. "படிக்க வெச்சது தப்பா போச்சு" என்கிறார் அம்மா. பாஸ்டர் வந்து சந்தேகத்தின் ஆவியைக் கடிந்துகொள்கிறார். கேட்ட கேள்வி கேட்டபடியே கிடக்கிறது.

இவர்களுக்கு நான் பண்டித ரமாபாயைத்தான் சொல்ல வேண்டும். அவருடைய கதையின் ஒரு துயரமான அத்தியாயம் நம் மலையிலேயே நடந்தது. 1870களின் பஞ்சத்தில் புராணம் வாசித்து ஊர் ஊராகத் திரிந்த அந்தக் குடும்பம் திருமலையில் தங்கியிருந்தது. கடைசி அரிசியும் தீர்ந்தபின், உறவுக்காரர்கள் முன் பிச்சைக்காரர்களாக நிற்பதைவிடச் சாவதே மேல் என்று ஒரு நள்ளிரவில் காட்டுக்குள் நடந்தார்கள். பதினொரு நாள் தண்ணீரும் இலையும் காட்டு ஈச்சம்பழமும் உணவு. அடுத்தடுத்துத் தந்தை போனார், தாய் போனார். உயிரோடு வெளியே வந்த பெண் பிள்ளை வட இந்தியா முழுவதும் நடந்து, 1878இல் கல்கத்தாவில் தன் சமஸ்கிருதப் புலமைக்காகப் பண்டிதை என்ற பட்டம் வாங்கினார். கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இங்கிலாந்து போய், 1883இல் வான்டேஜில் ஞானஸ்நானம் பெற்றார்.

அதன்பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். ஞானஸ்நானம் பெற்றதும் ரமாபாய் வாயை மூடிக்கொள்ளவில்லை. திரித்துவ உபதேசம் புரியவில்லை என்றார். ஆங்கிலிக்கன் சபை சொல்வதெல்லாம் கிறிஸ்து சொன்னதுதானா என்று கேட்டார். பெண் ஆண்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாகாது என்று பேராயர்கள் தடுத்தபோது கடுமையாக எதிர்த்துக் கடிதம் எழுதினார். அவரைப் பராமரித்த கன்னியர் அவர் அகந்தை கொண்டுவிட்டதாகவே நினைத்தார்கள். தான் கிறிஸ்தவ மதத்தைக் கண்டுகொண்டது முன்பு என்றும், கிறிஸ்துவைக் கண்டுகொண்டது பல ஆண்டுகளுக்குப் பின் என்றும் ரமாபாயே தம் சாட்சியில் எழுதியிருக்கிறார். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் வாழ்ந்தது எங்கே? இங்கிலாந்தில், அமெரிக்காவில், பம்பாயில், புணேயில். நகரங்களில் வாழ்ந்து, நகரங்களில் வாதாடி, பிறகு கெட்காவில் முக்தி மிஷனைக் கட்டினார். கைவிடப்பட்ட பெண்கள் நூற்றுக்கணக்கில் அங்கே அடைக்கலம் பெற்றார்கள். எபிரேயமும் கிரேக்கமும் படித்து வேதாகமம் முழுவதையும் மராத்தியில் மொழிபெயர்த்து முடித்து, 1922இல் இறந்தார். அந்த நூலை அச்சுக் கோத்தவர்களும் முக்திப் பெண்களே. எந்தக் கேள்வியைக் கேட்டதற்காக இன்று ஒரு மாணவியைக் கடிந்துகொள்கிறோமோ, அந்த மாதிரிக் கேள்விகளின் வழியாக நடந்துதான் ரமாபாய் அந்த மொழிபெயர்ப்புக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஏர்பேட்டுக்காரர்களுக்கு இன்னொரு சாட்சியும் கண்ணெதிரே இருக்கிறது. அது நம் மதத்தைச் சேர்ந்தது அல்ல. இங்கே வியாசாசிரமத்தை நிறுவிய மலையாள சுவாமி, பெண்களுக்கும் கீழே தள்ளப்பட்ட சாதியாருக்கும் வேதாந்தம் படிக்க உரிமை உண்டு என்று வாதாடியவர், படிக்கவும் வைத்தவர். வைதிகர்கள் அவரை எதிர்த்தார்கள். சமயத்தைப் பெண்கள் தாமே படித்து அறிய வேண்டும் என்று ஒரு சந்நியாசி ஒரு நூற்றாண்டுக்கு முன்பே போராடிய ஊரில், பெண்ணின் கேள்வியைச் சாத்தானின் கண்ணி என்று ஒரு சபை இன்றும் சொல்லுமானால் அந்தச் சபை வெட்கப்பட வேண்டும்.

மூன்றாவது, சபை விட்டுச் சபை மாறுகிறாள் என்கிறார்கள். இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. கல்யாணமானால் பெண் கணவன் சபைக்கு மாற வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாம்தான். கணவனுக்காக மாறினால் குடும்பப் பெண், மனசாட்சிக்காக மாறினால் அலைபாய்கிறவளா?

இந்தப் புலம்பலுக்குள் இன்னொரு பயம் ஒளிந்திருக்கிறது, அதை வெளிப்படையாகப் பேச வேண்டும். அவள் யாரைக் கல்யாணம் செய்வாள், சம்பளத்தை யாரிடம் கொடுப்பாள், சொத்தில் பங்கு கேட்பாளா என்ற பயம். விசுவாசத்தைப் பற்றிய கவலை என்ற பெயரில் பல வீடுகளில் நடமாடுவது இதுதான். நம் சபைகளின் வரலாறு இதற்குச் சாட்சி சொல்கிறது. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தின்படி மகளுக்குக் கிடைத்தது மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. மேரி ராய் உச்ச நீதிமன்றம் போய் 1986இல் அதை உடைத்தார். அப்போது கேரளத்துச் சபைத் தலைமைகள் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடவில்லை, குடும்பம் உடையும் என்று அஞ்சின. 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் கிறிஸ்தவக் கணவன் மனைவியின் விபசாரத்தை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ விபசாரத்தோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். அது திருத்தப்பட 2001 வரை ஆனது. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த அநீதியோடு நம் ஞாயிறு ஆராதனைகள் நடந்துகொண்டேதான் இருந்தன.

இதைவிட வலிக்கிற ஒன்று உண்டு. நம் சபைகளில் பெரும்பகுதி மாலா, மாதிகா, பறையர் என்ற தலித் குடும்பங்கள். 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவராகிவிட்டால் பட்டியல் சாதி உரிமை கிடையாது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அது திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. ஆந்திராவில் மதம் மாறிய தலித்துகள் பிற்படுத்தப்பட்டோரில் பி.சி.-சி பிரிவில் வருகிறார்கள், அதற்கு ஒதுக்கீடு 1 சதவீதம். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது என்றது. அவர் தவறாமல் ஆலயத்துக்குப் போகிறார் என்பதே அவருக்கு எதிரான சான்றாக நின்றது. இந்த நிலையில் அரசு வேலைக்குப் படிக்கும் தலித் பெண் திருப்பதியில் எந்தச் சபையிலும் முகம் காட்டாமல் இருந்தால், அவளுக்கு விசுவாசம் தணிந்துவிட்டது என்றா சொல்வீர்கள்? அவள் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கிறாள், ஏனென்றால் சட்டம் அவளை விசுவாசத்துக்கும் பிழைப்புக்கும் நடுவே நிறுத்தியிருக்கிறது. அவளுக்காக ஜெபிக்கும் சபைகள் இந்த விலக்கை விதிக்கும் 1950 ஆணையின் மூன்றாம் பத்திக்கு எதிராக எத்தனை முறை தெருவில் இறங்கின?

எதிர்த்தரப்பில் ஒரு வாதத்தை நான் மதிக்கிறேன். நகரத்தில் தனிமை கொடியது. ஊரில் ஒரு பெண் இரண்டு வாரம் வராவிட்டால் பாஸ்டரம்மா வீட்டுக்கே வந்து கேட்பார். நகரத்தில் அவள் காணாமல் போனாலும் யாருக்கும் தெரியாது. அந்த வெற்றிடத்தில், விதை போடு, விளைச்சல் எடு என்று பணம் பறிக்கும் ஊழியக்காரர்கள் புகுகிறார்கள். மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பிய மிச்சத்தையும் காணிக்கையாக வாங்கிக்கொள்கிறார்கள். ஜெபம் என்ற பெயரில் நெருங்கி வந்து கெடுப்பவர்களும் உண்டு. இது உண்மை, இதை மறைப்பது குற்றம். ஆனால் இதற்கு மருந்து அவளை ஊருக்குத் திருப்பி அழைப்பதா? ஊரிலும் இதே ஊழியக்காரர்கள் கூடாரம் போடுகிறார்கள், அங்கே அவர்களை மறுத்துப் பேச அவளுக்கு வாய் கிடையாது. வேதத்தைத் தானே வாசித்து, கேள்வி கேட்டுப் பழகிய பெண்தான் பொய்ப் போதகனை அடையாளம் காண்பாள். அந்தப் பழக்கத்தையே பின்மாற்றம் என்று தடுத்துவிட்டு, பிறகு ஏமாந்துவிட்டாளே என்று அழுவதில் நியாயம் இல்லை. தனிமைக்கு மருந்து தோழமை. பம்பாயில் 1875இலேயே ஒய்.டபிள்யூ.சி.ஏ. என்ற இளம்பெண்கள் கிறிஸ்தவச் சங்கம் தொடங்கியது, பின்னர் பல நகரங்களில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதிகளை நடத்தியது. 1918இல் வேலூரில் ஐடா ஸ்கட்டர் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தபோது மகள்களை அனுப்பத் தயங்கிய பெற்றோர் இருந்தார்கள். அந்தப் பெண்கள் தங்கிப் படித்ததால்தான் வேலூரைச் சுற்றிய கிராமங்களில் எத்தனையோ தாய்மார்கள் பிரசவத்தில் பிழைத்தார்கள். அந்தக் காலத்துச் சபை பெண் போன இடத்துக்குப் பின்னாலேயே போய் அவளுக்கு ஒரு கூரை போட்டது. இன்று சபை ஊரிலேயே நின்றுகொண்டு அவள் திரும்பி வருவாளா என்று பார்க்கிறது.

தென்னிந்தியத் திருச்சபை 1976இல் எலிசபெத் பாலுக்கு ஆயர் அபிஷேகம் கொடுத்தது. 2013இல் இதே ராயலசீமையில், நந்தியால் பேராயத்தில், புஷ்பலலிதா அம்மா பேராயரானார், அந்தத் திருச்சபையின் முதல் பெண் பேராயர். நம் ராயலசீமையிலேயே ஒரு பெண் பேராயர் கோலைப் பிடித்த பின்னும், நம் சபைக் கமிட்டிகளில் எத்தனை பெண்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பொங்கல் வைக்கவும் விற்பனை விழாவுக்குப் பலகாரம் சுடவும் ஆள் வேண்டும். ஆராதனை நேரத்தை முடிவு செய்யும் கூட்டத்துக்கு மட்டும் ஆள் வேண்டாம்.

அந்த நேரத்திலிருந்தே தொடங்கலாம். ஏர்பேட்டிலும் ஸ்ரீசிட்டிப் பக்கத்து ஊர்களிலும் இருக்கும் சபைகள் சனிக்கிழமை இரவில் ஓர் ஆராதனை வையுங்கள், ஷிஃப்ட் மாறும் நேரத்தைக் கேட்டு அதற்குத் தோதாக வையுங்கள். வாரநாளில் ஒரு மாலை, பிரசங்கம் இல்லாமல் வேதம் வாசித்துக் கேள்வி கேட்பதற்கென்றே ஒதுக்குங்கள், அதை நடத்தும் பொறுப்பை ஹாஸ்டல் பெண்களில் ஒருத்தியிடம் கொடுங்கள். தனி அறைக்கு ஜெபத்துக்கு அழைக்கும் எந்த ஊழியக்காரனைப் பற்றியும் பயமில்லாமல் வந்து சொல்ல இரண்டு மூத்த பெண்களை நியமியுங்கள், அவர்கள் தொலைபேசி எண்ணை வாசலில் ஒட்டுங்கள். கமிட்டியில் வேலைக்குப் போகும் பெண் ஒருத்தியையாவது உட்கார வையுங்கள், அவள் வரக்கூடிய நேரத்தில் கமிட்டி கூடட்டும். ஜெபக் குறிப்பு எழுதும் அம்மாக்களே, அடுத்த முறை மகளின் பெயரைப் பட்டியலில் எழுதும் முன் அவளுக்கு ஒரு போன் போட்டு, இந்த வாரம் என்ன வாசித்தாய் என்று கேளுங்கள்.